சுண்ணாம்பும் சிறிது காவியும்

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ உள்ள பெயிண்ட் கடை ஒன்றில் நாம் போய் நின்றால், கடைக்காரர் நம் முன் நிற அட்டையொன்றை விரிக்கிறார். பச்சை, நீலம், ஊதா என்று சிறிது நேரம் உலவிய நம் விரல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் வந்து நிற்கிறது. வெள்ளையென்றும் சொல்ல இயலாத, மஞ்சளென்றும் சொல்ல இயலாத சில கட்டங்கள் அங்கே உண்டு. ஐவரி, கிரீம், ஆஃப் ஒயிட் என்று அட்டை அவற்றிற்குப் பெயர் சூட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் வெண்ணெய் நிறம், சந்தன நிறம், தந்த நிறம் என்பார்கள். "கண்ணை உறுத்தாது, கூடமும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்" என்று சொல்லி அந்நிறத்தையே எடுத்து வருகிறோம்.

இஃது இன்றைய நாகரிகம் என்று எண்ணுவோர் உளர். அட்டை புதியது, வாளி புதியது, நிறம் மட்டும் புதியதன்று. வெள்ளையில் சிறிது மண்ணின் துருவைக் கலந்து சுவரின் கூச்சத்தைத் தணிப்பது நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த செயல். மாறியது வேறொன்று. அதைக் காண வேண்டுமானால், பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரை பரந்துள்ள நிலத்தை முதலில் பார்த்தாக வேண்டும்.

இந்நிலம் கல்லும் செம்மண்ணும் நிறைந்தது. பல்லாவரத்துக் குன்றுகளின் கருநீலக் கல்லை உலகப் புவியியலார் 'சார்னோக்கைட்' என்று அழைக்கின்றனர். கல்கத்தா நகரின் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கல் இதே இனத்தது என்பதால், தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலார் அப்பெயரை இட்டார். நம் குன்றின் கல் ஒரு வங்காளக் கல்லறையின் வழியே பெயர் பெற்றது என்பது விந்தையே. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றிலிருந்து கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அன்று தொடங்கியது. அவர் கையில் ஒட்டிய அந்தச் செம்பூரான் சரளையின் சிவப்புக்குக் காரணம் இரும்பின் துரு. காவி என்று நாம் சொல்லும் பொருளும் அதுவே. மஞ்சள் காவியும் அதன் உடன்பிறப்புத்தான். நீர் சற்றுக் கூடச் சேர்ந்த துரு, அவ்வளவே.

ஆக, அடித்தளத்துக்குக் கல்லுண்டு, நிறத்துக்குக் காவியுண்டு. சுவருக்கு வேண்டிய சுண்ணாம்பு மட்டும் இக்குன்றுகளில் இல்லை. அது கடலிலிருந்தும் கழிமுகங்களிலிருந்தும் வரவேண்டியிருந்தது. பல்லாவரத்துக்குக் கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துள்ள ஓர் ஊர் இன்றும் சுண்ணாம்பு கொளத்தூர் என்றே அழைக்கப்படுகிறது. வடக்கே எண்ணூரிலும் பழவேற்காட்டு ஏரியிலும் கிளிஞ்சல்கள் மண்டிக் கிடந்தன. செத்த சிப்பிகளின் ஓடுகள் ஏரியடியில் படுகையாகப் படிந்திருக்க, அவற்றைத் தோண்டி, அலசி, படகேற்றினார்கள். 1806இல் வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்சத்துக்குப் பின் பக்கிங்காம் பெயரைத் தாங்கிய கால்வாய் நகரோடு பழவேற்காட்டை இணைத்தது. சென்னை நகரைக் கட்டியவர் யாரென்று கேட்டால் ஆளுநர்களின் பெயர்களை அடுக்குகிறோம். அந்தச் சிறு சிப்பிப் பூச்சிகளையும் பட்டியலில் சேர்ப்பது முறையாகும்.

கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கடுக்காகக் காளவாயில் இட்டுச் சுடுவார்கள். ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் ஓட்டிலிருந்த கரியமிலவாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதில் நீர் ஊற்றினால் சீறிக் கொதித்து நீறுகிறது. நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. சிப்பி எதுவாக இருந்ததோ அதுவாகவே சுவரில் முடிகிறது என்று சொன்னால் அஃது உவமையன்று, வேதியியல்.

இத்தொழிலின் உச்சத்தைத்தான் வெளிநாட்டார் 'மெட்ராஸ் சுனாம்' என்று போற்றினர். சுண்ணாம்பு என்ற நம் சொல்லே அவர்கள் நாவில் அவ்வாறு தேய்ந்தது. சுவருக்கு மூன்று பூச்சு இடுவார்கள். முதற்பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் வெல்லநீரும் சேரும். இரண்டாவது அதனினும் நயமானது. மூன்றாவது பூச்சுக்கு வெண்மையான சிப்பிகளைப் பொறுக்கிச் சுட்டு, அம்மியில் சந்தனம்போல் அரைத்து, முட்டையின் வெண்கரு, தயிர், நெய் ஆகியவற்றைக் கலப்பார்கள். பூசி முடித்ததும் பளிங்குக் கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். மாக்கல் தூளை மெல்லிய துணியில் முடிந்து தட்டுவார்கள். அதன்பின் சில நாள் வரை சுவர் வியர்க்கும்; வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். சலவைக்கல்லோ என்று மயங்கும் பளபளப்பு அதன் பிறகே வரும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன் சென்றவரான ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் 1780இல் சென்னைக் கரையைக் கண்டார். 1793இல் வெளியான தம் பயண நூலில், நீண்ட தூண்வரிசைகளும் தட்டையான தளங்களும் கொண்ட இந்நகரை அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அவர் பார்த்தது சலவைக்கல் அன்று, பழவேற்காட்டுச் சிப்பி. அதை அரைத்த பெண்களைப் பற்றி ஹாட்ஜஸ் எழுதவில்லை. அரைத்தவர் கைகள் வெந்திருக்கும் என்பது, சுண்ணாம்பைத் தொட்டுப் பழகிய எவருக்கும் தெரியும். கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்கு முன் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது அலங்காரத்துக்காக அன்று.

நம் பகுதியின் கடலோர அடையாளமும் ஒரு வெண்சுவரே. பரங்கிமலை உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523இல் எழுப்பிய அன்னையின் ஆலயமும், 1547இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையும் நாம் அறிந்தவை. தாழ்ந்த கரையில் 300 அடி உயரத்து மலையொன்று, அதன் உச்சியில் வெள்ளையடித்த கோயில்; திசை தேடிவந்த மாலுமிகளுக்கு இதைவிட நல்ல குறி கிடைத்திருக்காது. புனித தோமையாரின் நினைவைத் தேடி 1726இல் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மேனிய வணிகர் கட்டுவித்த படிகளில் ஏறுகிறவர்கள், ஒவ்வோர் அடுக்கு வெள்ளையின் கீழும் வேறோர் அடுக்கு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு பூச்சு என்று கணக்கிட்டால் ஐந்நூறு ஆண்டுச் சுவர் எத்தனை பூச்சு வாங்கியிருக்கும்!

செல்வர் மாளிகையின் சுனாமை இத்தோடு விட்டுவிடுவோம். எளியவர் வீட்டுக்கு வெண்கருவும் இல்லை, பளிங்குத் தேய்ப்பும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடித்தார்கள். இந்து வீடுகளில் பொங்கலுக்கு முன், நம் வீடுகளில் கிறிஸ்து பிறப்புக்கு முன், அல்லது பங்குத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன். முதல் நாளே பழைய பானையில் சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டு நீர் ஊற்றுவார்கள். அது கொதிக்கும் ஓசை கேட்டு ஓடிவரும் பிள்ளைகளை விரட்டுவதற்கென்றே ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்ற அச்சம் வெறும் அச்சமன்று. ஆறியபின் சாக்கில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சித் தண்ணீரோ வஜ்ஜிரமோ சேர்த்து, ஒரு கை உப்பும் போட்டு, நுனி நசுக்கி நாராக்கிய மட்டையால் அடிப்பார்கள். அடிக்கும்போது சுவர் சாம்பலாகத் தெரியும். மறுநாள் காலையில்தான் வெண்மை பூக்கும்.

இங்கேதான் நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருகிறோம். வெறும் சுண்ணாம்பின் வெண்மை சித்திரை வெயிலில் கண்ணைக் குத்தும். அதைத் திருத்த இரு வழிகள் இருந்தன. சலவைக்குப் போடும் நீலத்தைச் சிறிது கலந்தால் வெள்ளை மேலும் வெளுத்துக் குளிரும். மஞ்சள் காவியைச் சிறிது கலந்தால் வெள்ளை இறங்கி, பால் கலந்த சந்தனம்போல் வெதுவெதுப்பாகும். எது சிறந்தது என்று வீட்டுக்கு வீடு வழக்கு நடந்ததுண்டு. நம் கருத்தைக் கேட்டால், செம்மண் புழுதி பறக்கும் தாம்பரத்தில் காவியின் பக்கமே நியாயம் இருந்தது என்போம். நீல வெள்ளை முதல் மழையிலேயே தன் அழுக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். காவி கலந்த சுவரோ புழுதியைத் தன் நிறத்திலேயே வாங்கிக்கொள்ளும். சுவரின் அடிப்பகுதியில் முழ உயரத்துக்குக் கெட்டியான காவிப்பட்டை ஒன்றும் அடிப்பார்கள். சொட்டும் மழைநீர் தெறிக்கும் சேறு அதில் தெரியாது. சிலர் அவ்விடத்தில் தார் பூசினர். அழகென்றும் சிக்கனமென்றும் பிரித்துப் பார்க்காத காலம் அது.

எத்தனை காவி என்பதற்குக் கணக்கேது? ஈரத்தில் கடுமையாகத் தெரிவது காய்ந்தபின் வெளுத்துவிடும். ஆகவே கொத்தனார் ஒரு மூலையில் தீற்றி, வெயிலில் காயவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, இன்னும் ஒரு கரண்டி என்பார். அதனால் சென்ற ஆண்டின் நிறம் இவ்வாண்டு வராது. கூடத்தில் மாட்டிய இயேசுவின் திரு இருதயப் படத்தை ஆண்டுக்கு ஒருமுறை இறக்கும்போது, அதன் பின்னே பழைய நிறம் ஒரு சதுரமாக நிற்கும். அதைச் சுற்றி மெழுகுவர்த்திப் புகையும் எண்ணெய் விளக்கின் கரியும் வரைந்த ஒரு நிழல். வீட்டில் யார் யார் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார்கள் என்பதை அச்சுவர் அறியும். வெள்ளையடிக்கும் நாளில் அதுவும் மறையும். மறைக்குமுன் ஒரு கணம் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சுண்ணாம்பை எழுதும் தாளாகவும் விவிலியம் அறிந்திருந்தது. யோர்தானைக் கடந்ததும் பெருங்கற்களை நாட்டி, அவற்றிற்குச் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் திருச்சட்டத்தை எழுதும்படி இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களும், வத்திக்கானில் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய சிஸ்டைன் சிற்றாலய விதானமும் சுண்ணாம்புச் சாந்தின் மேலேயே நிற்கின்றன. இரண்டிலும் மஞ்சள் காவி உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்லும் நாம், அதற்குச் சில நாட்கள் முன்பே கல்லறைகளுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடுகிறோம். அப்போது மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்து சிறிது சங்கடப்படுத்துவதுண்டு. வெள்ளையடித்த கல்லறைகளைச் சுட்டி ஆண்டவர் சொன்ன கடுஞ்சொல்லை நாம் அறிவோம். ஆனால் யூதர்கள் பாஸ்கா விழாவுக்கு முன் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசியது அலங்காரத்துக்காக அன்று. பயணிகள் தெரியாமல் தொட்டுத் தீட்டுப்பட்டுவிடக்கூடாது என்பதற்கான எச்சரிக்கைக் குறி அது. நம் கல்லறைத் தோட்டத்தின் வெண்மையோ எச்சரிக்கையன்று, நினைவு. ஒரே சுண்ணாம்பு, இரு பொருள்.

நோய்க்கு எதிரான ஆயுதமாகவும் சுண்ணாம்பு இருந்தது. அதன் கடுங்காரத் தன்மையில் கிருமிகளும் பூசணமும் எளிதில் வாழமாட்டா. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் படைமுகாம்கள் இருந்த காலத்தில் வெள்ளையடிப்பது சுகாதார விதிகளில் ஒன்றாகக் கருதப்பட்டது. இந்தியப் படைமுகாம்களின் நலத்தைப் பற்றி ஓயாது எழுதிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளியின் அறைச்சுவர் சாந்துச்சுவராக இருந்தால் அடிக்கடி சுண்ணாம்பு அடித்தாக வேண்டும் என்றார். கழுவக்கூடிய எண்ணெய்ப் பூச்சு அதனினும் மேல் என்பதும் அவர் கருத்து. பெயரிலேயே சவேரியாரைத் தாங்கிய மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவரிமுத்து, இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே சிறிது காலம் சிகிச்சை பெற்றார். அம்மருத்துவரே 1928இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு காசநோய் இல்லத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. காசத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்நாளில் காற்றும் வெளிச்சமும் ஓய்வுமே சிகிச்சை. வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும் சுவர் அச்சிகிச்சையில் ஒரு பங்கு. வீட்டுக்கு வெளிர்நிறம் பூசுங்கள் என்று பெரியவர்கள் சொன்னதில் அழகுணர்ச்சியோடு இந்த அச்சமும் கலந்திருந்தது. காசம் எந்த வீட்டையும் விட்டுவைக்காத தலைமுறை அது.

1931இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. வயல்களும் ஏரிக்கரைகளும் மனைகளாயின. அலுவலகத்துக்கு ரயிலில் போய்வரும் குடும்பங்கள் கடன் வாங்கி வீடு கட்டின. அவ்வீடுகளோடு சேர்ந்து டப்பாவில் அடைத்த நிறமும் வந்தது. இந்தியாவின் முதல் பெயிண்ட் ஆலை 1902இல் ஹௌராவில் தொடங்கிய ஷாலிமார். 1942இல் பம்பாயில் நான்கு நண்பர்கள் ஏஷியன் பெயிண்ட்ஸைத் தொடங்கினர், 1954இல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கையில் தூரிகை ஏந்திய 'கட்டு' என்னும் குறும்புச் சிறுவன் கடைக்குக் கடை சுவரேறினான். வீட்டின் உள்ளே டிஸ்டெம்பர், வெளியே ஸ்னோசெம். ஆனாலும் மக்கள் கேட்ட நிறம் பழையதே. கொத்தனார் கரண்டியால் கலந்ததை இப்போது டப்பாவின் மேல் கிரீம் என்று எழுதியிருந்தார்கள்.

இந்தப் புதிய வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. முன்பு எண்ணெய்ப் பெயிண்டில் ஈய வெள்ளையைக் கலந்தனர். பார்வைக்கு இனியது, குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு. நிறத்துக்காகச் சேர்க்கும் ஈயச் சேர்மங்களும் அப்படியே. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்பது குற்றமாகாது. பழைய சன்னல்களை உப்புத்தாளால் தேய்க்கும்போது அத்தூள் குழந்தைகளின் மூச்சிலோ வாயிலோ போகாமல் காப்பது இன்றும் தேவை. ஈயத்தின் இடத்தில் இப்போது அமர்ந்திருப்பது டைட்டானியம் டையாக்சைடு. அதன் மூலப்பொருள் இல்மனைட் என்னும் கருமணல். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே மணவாளக்குறிச்சிக் கரையின் கனிமங்களைக் கண்டுபிடித்தார். அன்று திருவிதாங்கூரிலிருந்த அவ்வூர் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1946இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பட்டது. வடக்கே பழவேற்காட்டுச் சிப்பியிலிருந்து வந்த வெண்மை, இப்போது தெற்கே நம் மீனவ மக்கள் வாழும் கரைகளின் மணலோடு உறவு கொண்டது. அம்மணலை அள்ளுவதால் தங்கள் கரைக்கும் உடலுக்கும் என்ன நேரும் என்று அம்மக்கள் கேட்டு வருகிற கேள்விகள், தாம்பரத்தில் வாளியைத் திறக்கும் நமக்கும் உரியவை.

கடையிலுள்ள கலவை இயந்திரம் இன்று செய்வது என்ன? வெள்ளை வாளி ஒன்றை அதன் கீழே வைக்கிறார்கள். எண்ணை அழுத்தியதும் சில துளி மஞ்சளும், கடுகளவு சிவப்பும் கறுப்பும் சொட்டுகின்றன. அந்த மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, அதாவது காவி. கொத்தனாரின் கரண்டி இயந்திரமாயிற்று. அடுத்த ஆண்டும் அதே எண்ணைச் சொன்னால் அதே நிறம் வரும். அதுவரை நன்மையே.

நிறம் மாறவில்லை, சுவர் மாறிற்று. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவர் மூச்சுவிடும். மழைக்காலத்தில் வாங்கிய ஈரத்தைக் கோடையில் வெளியேற்றிவிடும். சுண்ணாம்புப் பூச்சு அந்த மூச்சை அடைப்பதில்லை. அதனால்தான் அது உதிர்ந்தது, ஆண்டுதோறும் மறுபடி அடிக்கவேண்டியிருந்தது. இன்றைய சுவர் சிமெண்டு. அதன்மேல் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கை எமல்ஷன் பூசுகிறோம். எமல்ஷன் என்பது நீரில் கரைத்த பிளாஸ்டிக்கின் மெல்லிய தோல். துடைக்கலாம், கழுவலாம், ஏழெட்டு ஆண்டு கவலையில்லை. உலர்ந்த சுவரில் அது நல்ல பூச்சு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் புறநகர்களில் எத்தனை சுவர்கள் உலர்ந்த சுவர்கள்?

2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இதற்கு விடை வந்தது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. நீர் வடிந்தபின் ஒவ்வொரு கூடத்திலும் சந்தன நிறச் சுவரின் நடுவே ஒரு பழுப்புக் கோடு நின்றது. குழந்தையின் உயரத்தைச் சுவரில் குறிப்போமே, அதைப்போல வெள்ளம் தன் உயரத்தைக் குறித்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உண்ண இயலாமல், பல குடும்பங்கள் பொங்கலுக்குள் மறுபூச்சு அடித்தன. துயரத்தை மறக்க விரும்பியவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் உள்ளே நனைந்திருந்த சுவரின் மேல் புதிய தோல் ஏறியது. அடுத்த கோடையில் பெயிண்ட் குமிழ் குமிழாக எழும்பிற்று; உப்புப் பூத்துப் பொரிந்தது; மூலைகளில் கரும்பூசணம் படர்ந்தது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இருமல் வந்தது. கடைக்காரரை நொந்துகொண்டு, வேறு கம்பெனி வாளி வாங்கி, மறுபடியும் அடித்தவர்களும் உண்டு.

லேவியர் நூல் 14ஆம் அதிகாரத்தைத் திருப்பலியில் நாம் அதிகம் கேட்பதில்லை; வீட்டுச் சுவரில் படரும் பச்சைக் கறையையும் செங்கறையையும் பற்றி இறைவன் எதற்குப் பேசவேண்டும் என்று தோன்றும். முடிச்சூரில் உட்கார்ந்து அதை வாசித்தால் அவ்வாறு தோன்றாது. குரு வந்து பார்க்கிறார். அவசரப்படாமல் வீட்டை ஏழு நாள் அடைத்துவைக்கிறார். மறுபடி வந்து பார்க்கிறார். கறை பரவியிருந்தால் கெட்ட கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, சுரண்டிய சாந்தை ஊருக்கு வெளியே கொட்டி, வேறு கல் வைத்துப் புதிதாகப் பூசச் சொல்கிறார். பூசியபின்னும் கறை வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும். பார்த்தல், பொறுத்தல், சுரண்டுதல், பிறகே பூசுதல். எந்தப் பெயிண்ட் கம்பெனியின் கையேட்டிலும் இதைவிடத் தெளிவான வரிசை இல்லை. எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்திலோ சிலர் உறுதியற்ற சுவரொன்றை எழுப்ப, மற்றும் சிலர் அதற்கு வெள்ளையடிக்கிறார்கள், பெருமழை வருகிறது. ஏரியின் பரப்பிலும் ஆற்றின் கரையிலும் மனை பிரித்து விற்றவர்கள், அனுமதி தந்தவர்கள், மலிவு என்று வாங்கிய நாம் எல்லோரும் அந்த அதிகாரத்தில் எங்கோ நிற்கிறோம். 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஏரிகளுக்கிடையே நீர் ஓடும் வழிகளைத் திறந்துவைக்கும் பொறுப்பும் அதனுடன் பெரிதாயிற்று. அந்தப் பொறுப்பு எந்த அளவில் நிறைவேறுகிறதோ அந்த அளவில்தான் நம் கூடத்துச் சுவரும் காயும்.

ஓதம் ஏறிய வீடு உடையவர்களுக்குச் செயலளவில் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஓதமுள்ள பகுதியில் எமல்ஷனையும் பட்டியையும் முழுவதும் சுரண்டி எடுக்கவேண்டும். அவற்றின் மேல் சுண்ணாம்பு அடித்தால் பிடிக்காது. உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி எடுக்கலாம், நீர் விட்டுக் கழுவினால் அது மீண்டும் உள்ளே போகும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டு அதை முதலில் அடைக்கவேண்டும்; ஒழுகும் குழாயா, தரையிலிருந்து ஏறும் ஓதமா, தளத்தின் வெடிப்பா என்று கொத்தனாரைக் கொண்டு பார்க்கச் செய்வது பெயிண்டரை அழைப்பதற்கு முந்திய வேலை. அதன்பின் சன்னல்களைத் திறந்துவைத்து ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமனே விட்டுவிட வேண்டும். விருந்தினர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஆனி பிறந்ததும் அடிச்சுவர் மட்டுமாவது நீற்றிய சுண்ணாம்பில் மூன்று மெல்லிய கை வாங்கட்டும். கொஞ்சம் மஞ்சள் காவி சேர்க்கலாம். எவ்வளவு என்று கேட்டால், ஒரு மூலையில் தீற்றி மறுநாள் காய்ந்தபின் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.